சோளமாவு தூவிய தரை

டெக்சஸில் உள்ள ஒரு நடனக் கூடத்துக்கு ஞாயிறு மதியம் கூட்டம் சேருமுன் ஆர்வில் வந்து, மரத்தரையில் சோளமாவு தூவுவார். அப்போதுதான் பூட்ஸ் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பாட்டுப்பெட்டியில் எஃப்-7 பொத்தானை அழுத்துவார். ஸ்டீல் கிடார் விம்முகிற, ஜோடியாக அணைத்து ஆடும் பழைய கண்ட்ரி வால்ட்ஸ் அது; சின்ன வயதிலிருந்தே அவருக்கு அந்தப் பாட்டுகள் என்றால் உயிர். காற்றை அணைத்துக்கொண்டு தனியாகவே ஒரு பாட்டு முழுக்க ஆடுவார்.

மனைவி நெல்டா இறந்து நாலு வருஷம். அவளுக்கு ஆடவே வராது. பின்னால் வைக்கவேண்டிய காலை முன்னால் வைத்து, முதல் அடியிலேயே அவர் பூட்ஸை மிதித்துவிடுவாள்.

“ஒரு புதுப் பாட்டாவது போட விடேன்பா,” என்றாள் கூடத்தை நடத்தும் வில்மா.

“புதுப் பாட்டுல அழறதுக்குப் பாடுறவன் எங்க விடுறான்? குதிரை மாதிரி ஓடுறான்.”

“நெல்டா இருந்திருந்தா மிதிச்சே உன்னைத் திருத்தியிருப்பா.”

“மிதிக்கட்டுமே,” என்றார் ஆர்வில்.

அன்றும் ஆடினார். பாட்டு முடிந்ததும், கூட ஆடியவளுக்கு நன்றி சொல்வதுபோல் வழக்கப்படி தொப்பியைத் தொட்டார்.

வில்மா சிரித்தாள். “காலைலதான் பாலிஷ் போட்டேன்னு பீத்திக்கிட்டியே, இதென்ன?”

ஆர்வில் குனிந்து பார்த்தார். பளபளக்கும் இடது பூட்ஸின் மூக்கில் சோளமாவு ஒட்டியிருந்தது, ஒரு சின்னக் குதிகாலின் வடிவத்தில்.

“துடைச்சு விடட்டுமா?”

“தொடாத. இன்னொரு தடவை எஃப்-7 போடு.”

இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நின்றார்.