ரிஜெக்ட் லுப்னா

"இது ஷூ இல்லம்மா, வெப்சைட்!"

பூவரசன் சொன்னதும் கேபினில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். லுப்னா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற அந்த ஷூ கம்பெனியில் வெறும் லுப்னா என்றால் யாருக்கும் தெரியாது. ‘ரிஜெக்ட் லுப்னா’ என்றால்தான் தெரியும். வயசு இருபத்தைந்துதான். செக்கிங் டேபிளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். தையல் ஒரு நூல் விலகியிருந்தால் போதும். அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி "ரிஜெக்ட்!" என்பாள்.

அவளைப் போய் வெப்சைட் பார்க்கக் கூப்பிட்டது முதலாளி ஜியாவுதீன்.

"இன்னா பூவரசன், போன வாரம் மேல இருக்குற மெனு வரிசை ஓரத்துல ஒண்டிக்கிட்டு கெடந்துச்சு. நடுவுல வந்துடுச்சின்றீங்க. எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது. லுப்னா பாஸ் பண்ணா எனக்கு ஓகே. இல்லன்னா வேலைய சென்னைக்காரன்கிட்ட குடுத்துட்றேன். மூணு மணிக்கு நம்ம ஷூ வாங்குற ஜெர்மன் பையர் லைன்ல வர்றான். அவன் எதிர்ல என் மானம் போகக் கூடாது."

பூவரசனுக்கு நாற்பத்தாறு வயசு. பெங்களூரில் பதினெட்டு வருஷம் வெப்சைட் செய்து குப்பை கொட்டிவிட்டு, ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர். இதுதான் முதல் பெரிய வேலை. இதுவும் கைநழுவினால் மறுபடி பெங்களூர் பஸ்தான்.

அந்தப் பயத்தை மறைக்கத்தான் அந்த நக்கல்.

லுப்னா மெதுவாகக் கேட்டாள். "நடுவுலதான் இருக்குதா அண்ணா?"

"கோடிங்லயே சென்டர்னு எழுதியிருக்கேன்ம்மா. நாம சொன்னதை கம்ப்யூட்டர் அப்படியே செய்யும். தோலா இது, இழுத்தா நீள்றதுக்கு?"

மறுபடியும் சிரிப்பு. மேனேஜர் அப்துல் கஃபாருக்குப் புரையேறியே விட்டது.

"சொல்லும்மா," என்றார் முதலாளி. "பாஸா, ரிஜெக்டா?"

லுப்னா மானிட்டரைப் பார்த்தாள். பூவரசனைப் பார்த்தாள். மறுபடி மானிட்டரைப் பார்த்தாள்.

"பாஸ் சார்."

கேபினே அசந்துபோனது.

"லுப்னா வாயிலருந்து பாஸா!" என்றார் அப்துல் கஃபார். "இன்னிக்கி மழை கொட்டப்போவுது. உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

"ஸ்கிரீன்ல தூசு," என்று சொல்லி மானிட்டரை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அவள் போய்விட்டாள். மற்றவர்களும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

பூவரசன் காலை நீட்டி உட்கார்ந்தார். ‘கோடிங்னதும் பயந்துட்டா. ரிஜெக்டாம் ரிஜெக்டு! எல்லாம் தோல்கிட்டதான்.’

அப்போதுதான் கண்ணில் பட்டது. மானிட்டரில் ஒரு சிவப்பு அம்பு. மெனுவில் ‘ஹோம்’ என்ற முதல் வார்த்தைக்கு இடப்பக்கம், காலி இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மவுஸை வைத்துத் தட்டிப் பார்த்தார். நகரவில்லை. ஸ்டிக்கர்!

‘எவ்ளோ திமிரு இருந்தா...’ என்று பிய்க்கப் போனவர், போன கையை நிறுத்தினார்.

மெனுவுக்கு இடப்பக்கம் எவ்வளவு இடம் என்று அளந்தார். வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் நாற்பது பிக்சல் ஜாஸ்தி.

சட்டென்று உறைத்தது. மெனுவை ஒரு பட்டியலாக எழுதினால், கேட்காமலே ப்ரவுசர் தன் பங்குக்கு இடப்பக்கம் நாற்பது பிக்சல் விட்டுவைக்கும். அதை எடு என்று, பக்கத்தின் அமைப்பைச் சொல்கிற சி.எஸ்.எஸ்.ஸில் நாம்தான் சொல்ல வேண்டும். ‘பேடிங் சைபர்’, அதாவது ஓர இடம் வேண்டாம் என்று ஒரே ஒரு வரி. இந்தத் தொழிலுக்கு அது அரிச்சுவடி. பதினெட்டு வருஷ அனுபவம் அரிச்சுவடியில் கோட்டை விட்டிருந்தது.

அந்த ஒரு வரியை அடித்தார். மெனு லேசாகத் துள்ளி, நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

மூணு மணிக்கு ஜெர்மன்காரர் லைனில் வந்தார், பார்த்தார், "நீட்!" என்றார். ஜியாவுதீன் பூவரசனின் முதுகில் தட்டினார். "சென்னைக்காரன்லாம் எதுக்குங்க? இனிமே நம்ம வேலை எல்லாம் உங்களுக்குத்தான்."

பூவரசன் நேராக செக்கிங் ஹாலுக்குப் போனார்.

"ரிஜெக்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தாள் லுப்னா. ஷூவைத்தான் பார்த்தாள், தைத்தது யார் என்று நிமிரக்கூட இல்லை.

பூவரசன் ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் அந்தச் சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, எல்லார் எதிர்லயும் உன்னைக் கிண்டல் பண்ணேன். அங்கயே ரிஜெக்ட்னு சொல்லி என் மூக்கை உடைச்சிருக்கலாமே?"

லுப்னா அவர் விரலிலிருந்து அம்பை உரித்து, கையிலிருந்த ஷூவில் ஒட்டினாள்.

"நீங்கதான அண்ணா சொன்னீங்க, இது ஷூ இல்லன்னு? ஷூவா இருந்தா அங்கயே கத்தியிருப்பேன். அதுக்கு வெக்கம் கெடையாதே!"