ஏழாவது வீட்டு வாசல்

"அண்ணே, அசையாம நில்லுங்க. அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

கண்ணாடித் தகட்டுக் கேமராவோட கருப்புத் துணிக்குள்ள இருந்து செல்லத்துரை தலையை வெளிய எடுத்தாரு. மொதல் வீட்டு வாசப்படியில நிக்க வச்ச பெரியமுத்துவைக் காணோம். அந்தாண்ட கொய்யா மரத்தடியில போய் நின்னுக்கிட்டு இருந்தாரு.

"என்னண்ணே இது, மூணாவது தடவ!"

"இந்தக் கண்ணாடியில வேணாம்யா."

"படம் புடிச்சா ஆயுசு கொறைஞ்சிருமாக்கும்? ஒங்க தொரை எத்தன படம் எடுத்திருக்காரு, நல்லா குண்டாத்தான இருக்காரு?"

"அவரு பாலும் முட்டையும் திங்கிற ஆளு," ன்னாரு பெரியமுத்து. சிரிக்கல.

செல்லத்துரை போடியில படக்கடை வச்சிருக்காரு. சூரியநெல்லிக்கு மேல, ஆடி மாசம் மலை சரிஞ்சு மூடுன, கூலியாளுக குடியிருந்த பழைய லயத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லி எஸ்டேட் ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டிருந்தாங்க. இடிஞ்ச சொவத்துல சேறு எவ்வளவு ஒசரம் ஏறியிருக்குன்னு சீமையில இருக்கிற மொதலாளிகளுக்குத் தெரியணுமாம். அதுக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்.

வேற யாரும் அந்த லயத்துப் பக்கம் வர்றதில்ல. வழிகாட்ட வந்தது பெரியமுத்து மட்டும்தான். பத்து வீட்டுல மிஞ்சினதும் அவரு ஒருத்தருதான். மலை சரிஞ்சப்ப அவரு பேக்டரி அடுப்புக்கு வெறகு போடப் போயிருந்தாரு.

கெளம்பும்போதே கங்காணி செல்லத்துரையைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாரு. "போன பொங்கலுக்கு நீங்க லயத்து ஆளுகளை அவங்கவங்க வீட்டு வாசல்ல நிறுத்தி எடுத்தீங்கள்ல, அந்தப் படம் பதிஞ்ச கண்ணாடிய பெரியமுத்து கையில குடுத்துராதீங்க. ஆயுசு கொறையும்னு அன்னைக்கு ஓடுன ஆளு அவன். இப்ப அதுல நின்ன அத்தன பேரும் போய்ட்டாங்க. அஞ்சு மாசமா அந்தக் கண்ணாடி எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டுத் திரியுறான். கெடைச்சா ஒடைச்சிருவான்."

அந்தக் கண்ணாடி இப்ப செல்லத்துரை பெட்டியிலதான் இருந்துச்சு. முன்ன எடுத்த அதே எடத்துல நின்னு எடுக்கணும்னு ஆபீஸ்ல சொன்னதால கையோட கொண்டாந்திருந்தாரு. தாள்ல போட்டுக் குடுத்ததெல்லாம் லயத்தோட மண்ணுக்குள்ள போயிருச்சு. முப்பத்திரண்டு பேரு மொகம் மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுலதான்.

பெரியமுத்து முன்ன நடந்தாரு. "இது சுருளியம்மா வீடு. இது சோலை வீடு. ஆட்டுக்கல்லு மட்டும் நிக்குது பாருங்க. இது சுடலை வீடு, கலியாணம் ஆகி பத்து நாளு." காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற மாதிரி சொல்லிக்கிட்டே போனாரு.

ஏழாவது வாசல்ல நின்னாரு. "இது என்னோடது."

கூரை இல்ல. உள்ள இடுப்பு ஒசரத்துக்கு மண்ணு, மண்ணு மேல புல்லு. வாசப்படி மட்டும் மழையில கழுவி சுத்தமா இருந்துச்சு.

"பொங்கலன்னைக்கும் இங்க இருந்துதான ஓடுனீங்க?" ன்னு செல்லத்துரை பேச்சை லேசாக்கப் பாத்தாரு.

"ஆமா. எம்பொண்டாட்டி சாந்தம்மா கேலி பண்ணுனா. ஆயுச இப்படிச் சேத்து வச்சு என்ன செய்யப் போறீகன்னா."

செல்லத்துரை கேமராவத் தூக்கிக்கிட்டு நாலடி பின்னால போனாரு.

மேகம் எறங்க ஆரம்பிச்சது. வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும். பழைய எடத்தைப் பொருத்திப் பாக்க வேற வழியில்லாம, துணியைப் பிரிச்சு அந்தக் கண்ணாடிய எடுத்து வானத்துக்கு நேராப் புடிச்சாரு.

திரும்புனா, பெரியமுத்து பக்கத்துல நிக்கிறாரு.

"அதுதானாய்யா?"

"அண்ணே, வேணாம்."

"பாத்துட்டுத் தாறேன்."

நீட்டுன கையை மடக்கவே இல்ல. அந்தக் கையைத் தட்டிவிட செல்லத்துரைக்கு மனசு வரல. குடுத்துட்டாரு. கீழ பூராவும் கல்லு. விட்டா தூளாயிரும்.

"எல்லாரும் கருப்பா இருக்காங்களே. தலைமுடி வெள்ளையா இருக்கு."

"கண்ணாடியில அப்படித்தாண்ணே. தாள்ல போட்டா சரியாயிரும். ஒங்களுக்கு ஒண்ணு போட்டுத் தாறேன், இப்ப அதை இங்க குடுங்க."

பெரியமுத்து காதுல அது விழல. வெரல் மட்டும் ஊர்ந்துச்சு. "இவ சாந்தம்மா. இடுப்புல பூமாரி." வெரல் கொஞ்சம் நகந்து நின்னுச்சு. அங்க ஆளு இல்ல, வாசப்படி மட்டும் தெரிஞ்சுது.

ரெண்டு கையாலயும் கண்ணாடியத் தலைக்கு மேல தூக்குனாரு. செல்லத்துரை கண்ணை மூடிக்கிட்டாரு.

சத்தமே வரல.

கண்ணைத் தொறந்தப்ப கண்ணாடி பெட்டி மேல, மடிச்ச துணியில பத்திரமா இருந்துச்சு. பெரியமுத்து ஏழாவது வீட்டு வாசப்படியில, பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டு, தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நேரா நின்னாரு. இந்தத் தடவ அசையல.

"அதுலயே புடிங்கய்யா. அவ பக்கத்துல எடம் கெடக்கு."