பந்தும் குச்சியும்

நீட்டிய சாக்பீஸை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தாளாளருக்குச் சுருக்கென்றது. வேலை கேட்டு வந்து, மாதிரி வகுப்பெடுக்க நிற்கிறவளுக்கு இவ்வளவு திமிரா?

"போர்டுல நான் எழுத மாட்டேன் சார். பசங்க எழுதட்டும், அப்பத்தான் மண்டையில ஏறும்" என்றாள், மேஜையில் ஒரு கையை ஊன்றியபடி.

ஏறி இறங்கிய பள்ளிக்கூடமெல்லாம் கையை விரித்தபிறகு கிடைத்த வாய்ப்பு இது. இந்த வேலையை விடவும் கூடாது, கெஞ்சி வாங்கவும் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"முன் பெஞ்சுல யாராவது வாங்க. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணி ஆகுது. சமன் பண்ணுங்க. எழுதுறதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே எழுதணும்."

துள்ளிக்கொண்டு வந்தது ஒரு வாயாடி. "இந்தப் பக்கம் எச்-டூ, ஓ-டூ. அந்தப் பக்கம் எச்-டூ-ஓ. ஆக்சிஜன் ஒண்ணு குறையுது மிஸ். அதனால ஓ-வுக்குக் கீழே ஒரு ரெண்டு போட்டுட்டேன். சரியாப் போச்சு!"

"எங்க சரியாப் போச்சு? தண்ணியையே மாத்திட்ட. அதைக் குடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"கீழே இருக்கிற எண்ணைத் தொடவே கூடாது. எதுவானாலும் முன்னாடி போடு."

வாயாடி தண்ணீருக்கு முன்னால் ஒரு இரண்டு, ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு இரண்டு என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள். சமன்பாடு ஒழுங்குக்கு வந்தது.

தாளாளர் விடுவதாக இல்லை. அலமாரியில் கிடந்த பழைய மூலக்கூறு மாதிரி ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் திணித்தார். சாயம் போய், பந்துகள் எல்லாம் ஒரே அழுக்கு வெள்ளை.

"கலரே இல்ல. என்னதுன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

அவள் அதை ஒருமுறை உருட்டினாள். "எத்தனால். கலர் எதுக்கு சார்? நாலு குச்சி சொருகின பந்து கார்பன், ரெண்டுன்னா ஆக்சிஜன், ஒண்ணுன்னா ஹைட்ரஜன்."

தாளாளரின் முறைப்பு இறங்கிவிட்டது. வாயெல்லாம் பல்.

"வேலை உங்களுக்குத்தாம்மா. நாளைக்கே சேர்ந்துடுங்க. போன மாசம் பாருங்க, கண்ணு தெரியாத ஒரு அம்மா இதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாங்க. பேரைக்கூடப் பார்க்காம ஓரமா வெச்சுட்டோம். கண்ணு தெரியாம கெமிஸ்ட்ரி எப்படி நடத்துறது, நீங்களே சொல்லுங்க?"

குரல் வந்த பக்கம் அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"இப்ப நடத்தினேனே சார், அப்படித்தான்."