இமையில்லாத கெண்டை

தூங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று தவளை சொன்னதிலிருந்து கெண்டைமீனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அதற்குத்தான் இமையே கிடையாதே!

“எனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை” என்று குளமெல்லாம் புலம்பியது.

“அமுக்கராப் பொடி தருகிறேன். நாட்டு மருந்து, கெடுதலே இல்லை” என்றது தவளை.

“பொடிக்கெல்லாம் கேட்காது. சீட்டு எழுதுகிறேன். என் மாத்திரையைப் போட்டால் அசையாமல் கிடப்பாய்” என்றது கரையில் நின்ற கொக்கு டாக்டர்.

பொடியா, மாத்திரையா? கெண்டை நண்டிடம் யோசனை கேட்டது.

“உனக்கா தூக்கமில்லை?” என்றது நண்டு. “நேற்றுக்கூட உன் வாலைக் கிள்ளிப் பார்த்தேன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாயே, கண்ணைத் திறந்தபடி!”

கெண்டைக்குத் தலைவால் புரியாத சந்தோஷம். இனிப் பொடியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

தான் தூங்குகிற அழகை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றிரவு விடிய விடியக் காத்திருந்தது.