மூடியைத் திறந்து வைக்கவும்

செத்துப்போய்ப் பன்னிரண்டு நாளான மனிதரின் லேப்டாப் எண்பத்தாறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. காலை மணி பதினொன்று. அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்பத்தேழு.

அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் லேப்டாப்பில் சூடு எவ்வளவு, வேகம் எப்படி, கூடுதலாக எத்தனை திரைகள் மாட்டியிருக்கிறார்கள் என்று நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. காய்ச்சல் பார்க்கிற ஆளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

செத்தவர் பெயர் புலி. கட்டடப் படம் வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அப்படி. மாதம் ஒரு தடவை அலுவலகம் வந்து எல்லாரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். யாரோடும் ஒட்டாத டாக்டருக்கு உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான்.

புலியிடம் ஒரு கெட்ட பழக்கம். இரண்டு பெரிய திரைகளை மாட்டிக்கொண்டு லேப்டாப்பின் மூடியை மூடிவிடுவார். சூடு வெளியேற வழியில்லாமல் அது அடுப்பாகிவிடும்.

"மூடியைத் திறந்து வைங்க சார்" என்று டாக்டர் போன் போடுவார். "இதோ டாக்டர்" என்பார் புலி. ஐந்தே நிமிடத்தில் சூடு இறங்கிவிடும்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தபோதும் அதே கதைதான். அதே இரண்டு திரைகள், அதே மூடிய மூடி, போன் போட்டால் அதே "இதோ டாக்டர்". வேலை மேல் இப்படி ஒரு வெறியா என்று டாக்டர் அலுவலகம் முழுக்கச் சொல்லி மாய்ந்துபோனார்.

இப்போதும் இரண்டு திரைகள். இப்போதும் மூடி மூடியிருந்தது.

அந்த லேப்டாப்பில் நேற்றுச் சேமிக்கப்பட்டிருந்த படத்தை டாக்டர் திறந்தார். மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டிப் பூனை உட்கார்ந்திருந்தது. புலியின் படத்தில் வரும் எல்லா வீட்டிலும் அந்தப் பூனை இருக்கும். படத்தை ஒப்படைக்கும் முன் அழிக்கப்படும். ஒரு தடவை அழிக்க மறந்ததை டாக்டர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். வெளியே வேறு யாருக்கும் தெரியாது.

சுடுகாட்டில் கடைசியாக அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் டாக்டர். இருந்தும் ஏதோ ஓர் ஆசையில், அந்தத் திரையில் தோன்றும்படி ஒரு வரி தட்டி அனுப்பினார்: 'மூடியைத் திறந்து வைங்க சார்.'

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண்பது. எழுபத்தொன்று. அறுபது.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறீங்க?" பின்னால் மேலாளர் அம்மா நின்றிருந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "புலியோட லேப்டாப்பை எவனோ திருடியிருக்கான். சாயங்காலத்துக்குள்ள அது என் மேஜைக்கு வரணும். வரலைன்னா அந்த வீட்டு மேலயே போலீஸ்ல புகார் கொடுத்துடுவேன்."

புருஷனைப் பறிகொடுத்தவளைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதா? டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு பஸ் பிடித்தார்.

புலியின் மனைவிதான் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "வாங்கண்ணா" என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து லேப்டாப் விசிறியின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"உள்ள யாரும்மா?"

"யாருமில்லையேண்ணா. பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கு. நான் மட்டுந்தான்."

டாக்டர் அறைக்கதவைத் தள்ளினார். இரண்டு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. லேப்டாப்பின் மூடி திறந்திருந்தது. பாதிச் சுவர் எழும்பிய ஒரு வீடு மீதிச் சுவருக்காகக் காத்திருந்தது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்து எழுந்த சூடு இன்னும் ஆறவில்லை.

"தங்கச்சி... அவர் இங்க வர்றாரா? மறைக்காம சொல்லும்மா. நான் சொன்னதும் மூடியைத் திறந்தாரே!"

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். சுவர் கிடுகிடுவென்று வளர்ந்தது.

"நான்தாண்ணா திறந்தேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய படம். இதை மட்டும் முடிச்சுக்கிறேன். அதுவரைக்கும் லேப்டாப்பைப் பூட்டிடாதீங்க."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும், அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தன. சிநேகிதர் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"உனக்கென்ன பைத்தியமாம்மா? விஷயம் போலீஸ் வரைக்கும் போகப்போகுது. நான் மேலாளர்கிட்ட பேசிக்கிறேன், லேப்டாப்பைக் கொடு. அவர் விட்டுட்டுப் போனதை அங்க யாராவது முடிப்பாங்க. புலி மாதிரி ஒருத்தர் வரைஞ்சதை உன்னால எப்படிம்மா முடிக்க முடியும்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அவருக்கு வரையவே தெரியாதுண்ணா."