ஏரி இருக்கும் தாள்

மலையைத்தான் அவள் முதலில் கண்டுகொண்டாள்.

இரட்டைப் பாறை. ஒன்றின் தலையில் நாலுகால் மண்டபம். தினமும் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கண்ணில் படும் அதே மலை.

மலையின் காலடியிலிருந்து தாளின் கீழ் விளிம்புவரை தண்ணீர்.

அருங்காட்சியகத்தில் ஆறு மாதமாக இதுதான் அவளுக்கு வேலை. இருநூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் கப்பலேறி வந்த ஹெஸ்கெத் என்ற வெள்ளைக்கார ஓவியனின் நீர்வண்ணப் படங்களைப் பட்டியலிடுவது. கோட்டை, கடற்கரை, பட்டணத்துத் தெருக்கள், போகிற வழியில் அவன் பார்த்த ஊர்கள். அளவு, தாள், நிறம், இடம். இது அறுபத்திரண்டாவது.

தண்ணீருக்கு அவன் வண்ணமே பூசவில்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டிருந்தான்.

வலது ஓரத்தில் கல்லால் கட்டிய மதகு. மதகின் மேல் ஒருத்தி குடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் ஊரின் பெயர். கூடவே, பெரிய ஏரி.

அவளுடைய வீடு அந்த வெண்மைக்குள் எங்கோ இருந்தது.

அங்கே ஏரி என்று ஒன்று இருந்ததே இல்லை. குடியிருப்போர் சங்கம் கோர்ட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தது. கையெழுத்துப் போட்ட செயலாளர் அவள் கணவன்.

வழக்குப் போட்டவர்கள் பள்ளத்தெருக்காரர்கள். ஏரியை மூடி மனை போட்டதால்தான் ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் தங்கள் வீட்டுக்குள் வருகிறது என்றார்கள். அவர்களுடைய வக்கீல், பழைய படம் ஏதாவது உண்டா என்று அருங்காட்சியகத்துக்கும் கடிதம் எழுதியிருந்தார். பட்டியல் இன்னும் முடியவில்லை என்று பதில் போனது.

அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தது அவள்தான்.

மதியம் கணவனுக்குப் போன் செய்து சொன்னாள்.

“மழைத் தண்ணியா இருக்கும். மழைக்கு எங்கதான் தண்ணி நிக்கல?”

“மதகு இருக்குங்க.”

“இடம் தெரியலன்னு போட்டுட்டு வா. யாரு வந்து உன்னைக் கேக்கப் போறாங்க?”

யாரும் கேட்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

இடம்: தெரியவில்லை.

இரண்டே சொல். தட்டி முடித்ததும் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அறுபத்துமூன்றாவது தாளை எடுத்தாள். ஏதோ ஒரு கடைத்தெரு. நீளத்தை மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் எண் மனதில் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தேசம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். பள்ளத்தெருதான். போன ஐப்பசியில், படுக்கையோடு கிடந்த தன் மாமியாரைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வருவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். இவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

“நாளைக்கு வர மாட்டேன்க்கா. கோர்ட்டுக்குப் போறோம்.”

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

“எங்க மாமியா அந்த ஏரியில மீன் புடிச்சிருக்குது. வாய்ப்பேச்சு செல்லாதாம்க்கா. அந்தக் காலத்துது ஏதாச்சும் காட்டணுமாம். எங்ககிட்ட என்னா இருக்கு காட்ட?”

தேசம்மா குழாயை மூடினாள். கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

“எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டாள் அவள்.

கூடத்தில் கணவன் பார்த்துக்கொண்டிருந்த டி.வி.யின் சத்தம் குறைந்தது.