புலி வேலை

மாதேவனுக்குக் காட்டில் புலி வேலை. புலி இல்லாத காட்டில் மான்கள் ஒரே இடத்தில் நின்று, முளைப்பதையெல்லாம் மொட்டையடித்துவிடும். அவற்றை மிரட்டி ஓடவைப்பதற்காக, அவன் தினமும் புலி வாசனையைப் பூசிக்கொண்டு உறுமியபடி நடப்பான்.

மூன்று வருடமாகியும் அந்த வாசனை எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் கிட்டே வந்தால் வீறிட்டு அழுவாள். அதனால் அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும் வெளிக் கொட்டகையில்தான்.

இன்று அவன் உறுமியபோது ஒரு மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கியது. மற்றவையும் அசையவில்லை. இவன் அடித்துத் தின்கிற புலி இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்துபோயிற்று.

"நாளையிலிருந்து நீ வரவேண்டாம்ப்பா" என்றார் கூட வந்த வன அதிகாரி. அவனுக்கு வருத்தம்கூட வரவில்லை.

வீட்டு வாசலில் மனைவி கௌரம்மா மகளோடு நின்றிருந்தாள்.

"வேலை போயிருச்சு" என்றான்.

"போனாப் போகுதுங்க. இனிமேலாவது பாப்பாவைத் தூக்கலாமுங்களே."

அவன் கையை நீட்டினான். குழந்தை அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது.

மாதேவன் கையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான். மான்களுக்கே பயம் தெளிய மூன்று வருடம் ஆயிற்று.